லேசர் பொறியில் ஐசோடோப்பு அறிதல் – ஒரு வரலாறு

ஒரு பொருளின் மீது வலிமையான லேசர் ஒளியைக் கண நேரம் பாய்ச்சி, அங்கே எழும் பிளாஸ்மாப் பொறியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அப்பொருளில் அடங்கிய தனிமங்களை அறியும் முறைக்கு லேசர் தூண்டல் முறிவு நிறமாலையியல் என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'லிப்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 திட்டத்தின் பிரக்யான் ஊர்தி நிலவின் தென்துருவப் பகுதியில் கந்தகம் இருப்பதை அறிந்தது இந்த முறையால்தான். அதே பொறியைக் கொண்டு தனிமத்தை மட்டுமல்லாமல் அதன் ஐசோடோப்புகளையும் பிரித்து அறிய முடியும் என்பது 2011-இல் நிறுவப்பட்டது. ஆனால் அதற்கான திறவுகோல் 1924 முதலே அறிவியல் இதழ்களில் கிடந்தது.

சந்திரயான் செய்தி வந்த நாட்களில், திருப்பாதிரிப்புலியூரில் என்னிடம் சந்தேகம் கேட்க வரும் பிள்ளைகளில் பலர், "அப்போ ஹீலியம்-3 கண்டுபிடிச்சிட்டாங்களா சார்?" என்று கேட்டார்கள். இல்லை. பிரக்யானின் லிப்ஸ் கருவி தனிமங்களைத்தான் சொன்னது. ஒரு தனிமத்தின் எந்த ஐசோடோப்பு எவ்வளவு என்று அது சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இடையில் உள்ள தொலைவு பெரிது. அந்தத் தொலைவைக் கடந்த கதை இது.

கோடுகளைப் படிக்கத் தொடங்கிய காலம்

சூடான வளிமத்தில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறக் கோடுகளை வெளியிடும் என்பதை ஜெர்மனியில் பன்சனும் கிர்ச்சாஃபும் 1859-60-இல் நிறுவினார்கள். உப்பைச் சுடரில் தூவினால் மஞ்சள் ஒளி வருவது சோடியத்தின் கையெழுத்து. அந்த மஞ்சள், 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரண்டு கோடுகளால் ஆனது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தக் கட்டுரையில் பல அளவுகள் வரும். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க இந்த 0.6 நானோமீட்டர் இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பள்ளி ஆய்வகத்து எளிய நிறமாலைமானியில், கருவி சரியாக அமைந்தால், இந்த இரட்டைக் கோட்டைப் பிரித்துப் பார்க்கலாம்.

கண்டுபிடித்து பத்து ஆண்டுகள் ஆவதற்குள் இந்தக் கலை தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ழான்சென் நிறமாலைமானி கொண்டு பார்த்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சன் மசூலிப்பட்டணத்தில் இருந்து பார்த்தார். சூரியத் தீக்கொழுந்துகளில் அன்று பலரும் கண்ட மஞ்சள் கோடு சோடியத்துடையது அல்ல என்று பிறகு தெரிந்தது. அதற்குரிய தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். 'ழான்சென் குண்டூரில் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார்' என்று பல கையேடுகளில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் புதிய தனிமம் என்று அங்கே அறிவிக்கவில்லை. அந்த மஞ்சள் கோடு சோடியக் கோடுகளின் இடத்தில் இல்லை என்பதை அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் அளந்து காட்டினார். புவியில் ஹீலியம் கிடைத்தது 1895-இல், ராம்சேயின் ஆய்வகத்தில்.

தமிழ்நாட்டிலேயே நடந்த இன்னொரு அளவீடு நம் கதைக்கு மேலும் நெருக்கமானது. 1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளின் நிறமாலையை எடுத்தபோது, கோடுகள் தம் இடத்திலிருந்து மிகச் சிறிதளவு விலகியிருப்பதைக் கண்டார். கரும்புள்ளியின் ஓரத்தில் வளிமம் வினாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்வதே அதற்குக் காரணம். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. கணக்குப் போட்டால், 600 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்த விலகல் 0.004 நானோமீட்டர்தான் வரும். சோடியத்தின் இரு கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் 150-இல் ஒரு பங்கு. ஐசோடோப்பைத் தேடுபவர் அளக்க வேண்டிய விலகலும் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது.

ஒரே தனிமம், இரண்டு எடை

ஒரே தனிமத்தின் அணுக்கள் வேதியியலில் ஒரே மாதிரி நடந்துகொண்டாலும் எடையில் வேறுபடலாம் என்று கூறி, அவற்றுக்கு ஐசோடோப்பு என்ற பெயரை 1913-இல் பயன்படுத்தியவர் ஃபிரெடெரிக் சாடி. பெயரைச் சொல்லித் தந்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். 1919-இல் ஆஸ்டன் நிறை நிறமாலை வரைவியை உருவாக்கினார். அணுக்களை அயனிகளாக்கி, மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்து, எடைக்கேற்ப வெவ்வேறு இடத்தில் விழச் செய்யும் கருவி அது. அதன் வழிவந்த நிறை நிறமாலைமானிதான் இன்றுவரை ஐசோடோப்பு ஆய்வின் அரசன்.

ஒளியால் இதே வேலையைச் செய்வது ஏன் கடினம்? அணு வெளியிடும் ஒளியைத் தீர்மானிப்பது எலக்ட்ரான். அது புரோட்டானைவிட 1836 மடங்கு இலேசானது. நடுவில் உள்ள கனமான அணுக்கருவில் ஒரு நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் எலக்ட்ரானுக்கு அது ஏறக்குறைய தெரியவே தெரியாது. தேர் நிலையில் நிற்கிறது; அதைச் சுற்றி ஒரு தும்பி பறக்கிறது. தேரில் ஒரு ஆள் கூடுதலாக ஏறியதால் தும்பியின் பறத்தலில் என்ன மாறிவிடும்?

விதிவிலக்கு ஹைட்ரஜன். அதன் அணுக்கரு ஒரே ஒரு புரோட்டான். ஒரு நியூட்ரான் சேர்ந்தால் எடை இரட்டிப்பாகிறது. அப்போதும் அதன் சிவப்புக் கோடு 656.28-இலிருந்து 656.10 நானோமீட்டருக்குத்தான் நகர்கிறது. இந்த வகை விலகலை வைத்துத்தான் 1931-இல் ஹெரால்ட் யூரி டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தார். இயற்கை ஹைட்ரஜனில் ஆறாயிரத்துச் சொச்சம் அணுவுக்கு ஒன்றுதான் டியூட்டீரியம் என்பதால், நீர்ம ஹைட்ரஜனை ஆவியாக்கி, மிஞ்சிய சிறிதளவில் கனமான வகை செறிந்திருக்கும்படி செய்துகொண்டார்கள். 1934-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இதற்காக அவருக்குக் கிடைத்தது. ஓர் ஐசோடோப்பு நிறை நிறமாலை வரைவியில் அல்லாமல் ஒளியில் முதலில் பிடிபட்டது என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை.

ஹைட்ரஜனைத் தாண்டினால் விலகல் சட்டென்று சுருங்கிவிடும். லித்தியத்தின் 670.8 நானோமீட்டர் கோட்டில், 6, 7 என்ற இரு ஐசோடோப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 0.016 நானோமீட்டர். போரானின் 208.9 நானோமீட்டர் கோட்டில் 0.003 நானோமீட்டருக்கும் குறைவு. யுரேனியம்போல மிகக் கனமான தனிமங்களில் அணுக்கருவின் பருமன் வேறுபாட்டால் விலகல் மீண்டும் சற்றுக் கூடுகிறது: 424.4 நானோமீட்டர் கோட்டில் யுரேனியம்-235-க்கும் 238-க்கும் இடையே 0.025.

போரிக் பவுடர் சொன்ன ரகசியம்

கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரைச் சாராயத்தில் கலந்து கொளுத்தினால் சுடர் பச்சை நிறமாக எரியும். உப்புப் பகுப்பாய்வில் போரேட்டைக் கண்டுபிடிக்க, அடர் கந்தக அமிலமும் எத்தனாலும் சேர்த்துக் கொளுத்தும் சோதனையை வேதியியல் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நானும் பல ஆண்டுகள் இதை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். 'சோடியம் மஞ்சள், போரான் பச்சை' என்று சொல்லிக் கொடுத்தேன். அது அரைகுறையான பாடம் என்று ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். சோடியச் சுடரின் மஞ்சள், தனி அணு தருவது. போரான் சுடரின் பச்சை, போரான் அணு தருவது அன்று. போரானும் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு தருவது. அதனால்தான் அது கூரிய கோடாக இல்லாமல் பட்டை பட்டையாக இருக்கிறது.

மூலக்கூறில் நிலைமையே வேறு. அங்கே அணுக்கருக்களே வில்லில் கட்டிய குண்டுகள்போல அதிர்கின்றன. குண்டின் எடை மாறினால் அதிர்வெண் மாறியே தீரும். போரான் மோனாக்சைடை எடுத்துக்கொள்வோம். ஒடுக்க நிறை என்பது இரு நிறைகளின் பெருக்கலை அவற்றின் கூட்டலால் வகுப்பது. போரான்-10 என்றால் 160-ஐ 26-ஆல் வகுக்க 6.15, போரான்-11 என்றால் 176-ஐ 27-ஆல் வகுக்க 6.52. அதிர்வெண் இதன் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்பதால், வேறுபாடு ஏறத்தாழ 3 விழுக்காடு. அணுக்கோட்டு விலகலோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

அமெரிக்கரான ராபர்ட் மல்லிக்கன் 1924-25-இல் இதே போரான் மோனாக்சைடின் பட்டைகளை ஆராய்ந்தார். முதலில் அவற்றைப் போரான் நைட்ரைடு தருவதாகக் கருதியிருந்தார்கள். இரு ஐசோடோப்புகளின் பட்டைகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்த மல்லிக்கன், மூலக்கூறில் இருப்பது ஆக்சிஜன்தான் என்று காட்டினார். அதோடு, மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலும் மூலக்கூறு அதிர்வை நிறுத்துவதில்லை, பாதிக் குவாண்டம் ஆற்றல் எப்போதும் மிஞ்சும் என்றால்தான் அந்த அளவீடுகள் பொருந்தும் என்றும் கண்டார். குவாண்டம் இயக்கவியல் முழு வடிவம் பெறுவதற்கு முன்பே கிடைத்த சான்று இது. என்னைக் கேட்டால், இந்தக் கதை முழுவதிலும் மிக அழகான இடம் இதுதான்.

1929-இல் ஆர்தர் கிங்கும் ரேமண்ட் பர்ஜும் சூடான கார்பன் ஆவியின் நிறமாலையில், 473.7 நானோமீட்டர் பட்டைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மங்கலான துணைப் பட்டையைக் கண்டார்கள். இரண்டு கார்பன் அணுக்களில் ஒன்று கார்பன்-13 ஆக இருக்கும் மூலக்கூறின் ஒளி அது. கார்பன்-13 கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். ஆஸ்டனின் கருவிக்கும் அது அதுவரை தப்பியிருந்தது. அதே ஆண்டில் ஆக்சிஜன்-18-உம் காற்றின் ஊடாக வரும் சூரிய ஒளியின் பட்டைகளில் பிடிபட்டது. ஆனால் நிறை நிறமாலைமானிகள் வேகமாக முன்னேறிவிட்டன. மூலக்கூறுப் பட்டைகளால் ஐசோடோப்பு அறிவது பின்தங்கிப்போனது.

லேசர் வந்த பிறகு

1960 மே 16 அன்று தியோடர் மெய்மன் முதல் ரூபி லேசரை இயக்கினார். இரண்டே ஆண்டுகளில், 1962-இல், பிரெக், கிராஸ் என்ற இருவர் லேசரால் பொருளை ஆவியாக்கி நிறமாலை எடுத்ததை அறிவித்தார்கள். 1963-இல் பிரான்சில் டெப்ரா-கெதோன், லியோதெக் ஆகியோர் லேசர்ப் பொறியின் ஒளியைக் கொண்டே பகுப்பாய்வு செய்தார்கள். பின்னர் ஆர்வம் சற்றுத் தணிந்தது. 1980-களில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் கிரெமர்ஸ், ராட்சீம்ஸ்கி ஆகியோர் இதற்குப் புத்துயிர் அளித்தார்கள்.

செய்முறை சொல்வதற்கு எளிது. சில நானோவினாடிகளே நீடிக்கும் லேசர்த் துடிப்பைக் குண்டூசி முனையளவு இடத்தில் குவிக்கிறோம். அங்கே உள்ள பொருள் ஆவியாகி, 10,000 டிகிரியையும் தாண்டிய பிளாஸ்மா ஆகிறது. முதலில் வருவது கண்ணைக் கூசும் வெள்ளொளி. அதில் எந்தச் செய்தியும் இல்லை. ஏறத்தாழ ஒரு மைக்ரோ வினாடி பொறுத்தால் அயனிகளும் அணுக்களும் தத்தம் கோடுகளைக் காட்டும். பொருளைக் கரைக்க வேண்டாம், தொட வேண்டாம், அருகில்கூடப் போக வேண்டாம். இதனால்தான் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி இந்தக் கருவியைச் செவ்வாய்க்குக் கொண்டுபோய், 2012 ஆகஸ்ட் 19 அன்று ஒரு சிறு கல்லை 10 வினாடியில் 30 முறை சுட்டுப் பார்த்தது.

ஐசோடோப்புக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் கோடுகள் பருத்துப்போகின்றன. 0.003 நானோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு கோடுகளும் வீங்கி ஒன்றாகிவிட்டால் பிரிப்பது எப்படி? அழுத்தத்தைக் குறைத்த கலத்தில் பொறியை எழுப்பி, மிக நுட்பமான நிறமாலைமானி கொண்டு யுரேனியத்தின் இரு கோடுகளையும் 1990-களின் இறுதியில் பிரித்தார்கள். புளுட்டோனியத்திலும் பின்னர் செய்தார்கள். ஆனால் வெற்றிடக் கலமும் பெரிய நிறமாலைமானியும் வேண்டுமென்றால், லேசர் முறையின் எளிமையே போய்விடுகிறது.

பொறி ஆறும் வரை காத்திருத்தல்

2011-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ரிச்சர்ட் ரூசோவின் குழு வேறு வழியைக் காட்டியது. எல்லோரும் ஒரு மைக்ரோ வினாடியில் பார்த்த பொறியை, அவர்கள் மேலும் சில, பல மைக்ரோ வினாடிகள் ஆறவிட்டுப் பார்த்தார்கள். பொறி ஆறும்போது அணுக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. மாதிரியிலிருந்து வந்த போரான், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு கூடிப் போரான் மோனாக்சைடு ஆகிறது. அந்த இளஞ்சூட்டிலும் அது ஒளிவிடுகிறது. 255 நானோமீட்டரை ஒட்டிய பட்டையில் போரான்-10, போரான்-11 ஆகியவற்றின் இடைவெளி 0.73 நானோமீட்டர்! அணுக்கோட்டில் கிடைத்ததைப்போல ஏறக்குறைய முந்நூறு மடங்கு. சோடியத்தின் இரட்டைக் கோட்டு இடைவெளியைவிடவும் அதிகம். சாதாரணக் காற்றழுத்தத்தில், கையடக்கமான நிறமாலைமானியே இதைப் பிரித்துவிடும்.

மல்லிக்கன் பார்த்த அதே மூலக்கூறு, 87 ஆண்டுகள் கழித்து. இந்த முறைக்கு லேசர் நீக்க மூலக்கூறு ஐசோடோப்பு நிறமாலையியல் என்று பெயர் வைத்தார்கள். 'லாமிஸ்' என்பது சுருக்கம். ஹைட்ரஜன், கார்பன், ஸ்ட்ரான்சியம் முதலியவற்றுக்கும் இதை விரித்தார்கள்.

கல்பாக்கத்துக்கு இது ஏன் வேண்டும்

கடலூரிலிருந்து கடற்கரையோரமாகவே வடக்கே போனால் புதுச்சேரி, மரக்காணம் தாண்டிக் கல்பாக்கம் வருகிறது. அங்கே உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாக இயங்குநிலையை எட்டியது. அதன் கட்டுப்பாட்டுக் கோல்களில் இருப்பது போரான் கார்பைடு. நியூட்ரான்களை விழுங்கி அணுக்கருப் பிளவைக் கட்டுக்குள் வைப்பது அதன் வேலை. ஆனால் விழுங்குவது போரான்-10 மட்டுமே. போரான்-11 ஏறத்தாழ சும்மா நிற்கும். இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்குதான் போரான்-10. வேக நியூட்ரான்களைப் பிடிப்பது கடினமென்பதால், இந்த உலைக்குப் போரான்-10-ஐ 90 விழுக்காடு வரை செறிவூட்டிப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு போரான்-10 அணுவும் ஒரு நியூட்ரானை விழுங்கியதும் லித்தியமாகவும் ஹீலியமாகவும் உடைந்துபோகிறது. ஆகவே கோலைச் செய்யும்போதும் சரி, பயன்படுத்திய பிறகும் சரி, 'போரான்-10 எத்தனை பங்கு இருக்கிறது?' என்ற கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். உலையை நிறுத்தும் கோல் அது. அந்த எண்ணில் தவறு இருக்கக் கூடாது.

கனநீரும் அப்படித்தான். 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையம் கனநீரை நம்பியது. தூத்துக்குடியில் அதற்கென ஓர் ஆலையே இருந்தது. அந்த நீரில் டியூட்டீரியத்தின் பங்கு 99.7 விழுக்காட்டுக்கும் மேல் இருக்க வேண்டும்.

நிறை நிறமாலைமானி இவற்றைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் போரான் கார்பைடு இலேசில் கரையும் பொருள் அன்று. அதைச் சிதைத்து, போரானைத் தனியே பிரித்து, தூய்மையாக்கி, மெல்லிய இழையில் பூசி, வெற்றிடத்தில் சூடாக்கி அளக்க வேண்டும். கதிரியக்கம் ஏறிய மாதிரி என்றால் ஒவ்வொரு படியிலும் கையாள்பவருக்கு ஆபத்து. ஒவ்வொரு படியிலும் கழிவு. லேசர் முறைக்கு ஒரு கண்ணாடிச் சன்னல் போதும்.

இந்தத் துறையில் இந்தியர் பங்கும் உண்டு. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அர்னாப் சர்க்கார், பெர்க்லி குழுவினரோடு சேர்ந்து 2013-இல் நீரிலுள்ள ஹைட்ரஜன்-டியூட்டீரியம் விகிதத்தையும், 2014-இல் போரான் விகிதத்தையும் இம்முறையால் ஆராய்ந்து வெளியிட்டார். நீருக்கு அவர்கள் பயன்படுத்தியது, பொறியில் உண்டாகும் ஹைட்ராக்சில் மூலக்கூறின் 306 நானோமீட்டர்ப் பட்டை. டியூட்டீரியம் சேர்ந்தால் அது ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் நகர்கிறது.

எல்லாவற்றையும் இது வென்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். துல்லியத்தில் நிறை நிறமாலைமானியை இது எட்டவில்லை. யுரேனியத்தின் நிறமாலை ஆயிரக்கணக்கான கோடுகளால் நெருங்கிக் கிடப்பதால், அங்கே மூலக்கூறுப் பட்டையைப் பிரித்துப் படிப்பதே பெரும்பாடு. ஓர் ஆலையில் செறிவூட்டியது மின்உலைக்கா, ஆயுதத்துக்கா என்று களத்திலேயே நொடியில் சொல்லக்கூடிய கருவியை ஆய்வாளர்கள் வெகுநாளாக விரும்புகிறார்கள். அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நிலவில் ஏன் முடியவில்லை

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அங்குள்ள ரயில்வே பள்ளியில் படித்தவர். எங்கள் ஊர் நிலையத்தில் நிற்கும் வண்டிகள் பலவும் விழுப்புரம் வழியாகவே சென்னை போகின்றன என்பதால், 2023 ஆகஸ்ட் 23 மாலை எங்கள் தெருவில் அது ஏறக்குறைய உள்ளூர் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. பிரக்யானில் இருந்த லிப்ஸ் கருவியை உருவாக்கியது இஸ்ரோவின் பெங்களூரு மின்னொளியியல் அமைப்புகள் ஆய்வகம். கந்தகத்தோடு அலுமினியம், கால்சியம், இரும்பு, குரோமியம், டைட்டானியம், மாங்கனீசு, சிலிக்கான், ஆக்சிஜன் ஆகியவற்றையும் அது காட்டியது.

பிள்ளைகளின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நிலவில் காற்று இல்லை. பொறி எழுந்ததும் தடுக்க எதுவுமின்றி விரிந்து கலைந்துவிடுகிறது. அணுக்கள் ஒன்றையொன்று சந்தித்து மூலக்கூறாகச் சேரவும், ஆற அமர ஒளிவிடவும் அங்கே நேரமும் இல்லை, போதிய ஆக்சிஜனும் இல்லை. அணுக்கோடுகளின் நூலிழை விலகலைப் பிரிக்கும் அளவுக்குப் பெரிய நிறமாலைமானியை 26 கிலோ எடையுள்ள ஊர்தியில் ஏற்றவும் முடியாது. ஹீலியம்-3 எவ்வளவு என்பதை, அமெரிக்க விண்வெளி வீரர்கள் 1969 முதல் 1972 வரை கொண்டுவந்த நிலவு மண்ணைப் புவியின் ஆய்வகங்களில் சூடாக்கி, வெளிவந்த வளிமத்தை நிறை நிறமாலைமானியில் செலுத்தித்தான் அறிந்திருக்கிறார்கள்.